சாமி வந்ததா என்ற இரண்டாம் இஷ்யூ

1. தடி

ஒரு சாமியின் தடியைச் சாட்சியப் பொருளாக வாங்கி, எண் சீட்டு ஒட்டி, கோர்ட்டு அலமாரியில் வைத்துப் பூட்டும்படி எனக்கு உத்தரவான அன்று, கோர்ட்டுச் சேவகன் டவாலி பிச்சாண்டி அதைத் தொட மறுத்துவிட்டான்.

"வேலையை விட்டுப் போவச் சொன்னாலும் போயிருதேன்யா. அதை மட்டும் தொடமாட்டேன்."

"ஏன் வே? மரத்தடிதானே?"

"உங்களுக்கு மரத்தடி. நான் சுடலைக்கரை வழியால்லா வீட்டுக்குப் போவணும்."

தாமிரபரணிக் கரையில் ஒரு முன்சீப் கோர்ட்டு. நான் அங்கே பென்ச் கிளார்க்காக இருந்தேன். கேஸைக் கூப்பிடுவது, சாட்சிக்குப் பிரமாணம் செய்து வைப்பது, தஸ்தாவேஜுகளுக்கு எண் போடுவது, முன்சீப் தேடும் சட்டப் பிரிவைத் தேடாதது போலத் தேடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. புதிய சிவில் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. அதன் ஆர்டர்களும் ரூல்களும் எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்று வக்கீல்கள் சொல்லுவார்கள். நான் மறுத்ததில்லை.

கடைசியில் தடியை நானே தூக்கிக்கொண்டு போனேன். நாங்கள் தேவாரம் ஓதும் குடும்பம். சுடலைமாடனோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இருந்தாலும் அங்கவஸ்திரத்தைக் கையில் சுற்றிக்கொண்டுதான் எடுத்தேன். தடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது என்பது காரணம்.

மறுநாள் காலையில் அலமாரிக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் கற்பூரச் சாம்பலும் கிடந்தன. முன்சீப் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சி, "என்னய்யா வாசனை?" என்றார். அழுகும் சாட்சியப் பொருளை என்ன செய்வது என்று ரூல் உண்டு. கும்பிடப்படும் சாட்சியப் பொருளை என்ன செய்வது என்று எந்த ரூலும் இல்லை. "ஆவன செய்கிறேன்" என்றேன். கோர்ட்டு பாஷையில் அதற்கு ஒன்றும் செய்யப்போவதில்லை என்று பொருள்.

2. பிராது

இளையவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் நான் வைத்தவை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சுடலைமாடனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கொடை நடக்கும். மாடன் யார் மேல் வந்து ஆடுகிறாரோ அவருக்குக் கோமரத்தாடி என்று பெயர். எல்லாருக்கும் கிடைக்கிற இடமல்ல அது. ஊரில் காணி பூமி உள்ளவரும் அன்று ஒருநாள் அவர் காலில் விழுவார். சாமியை வரவழைக்க வில்லுப்பாட்டு. பாடுகிறவர் வில்லின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம். குடத்தின் வாயில் பாளை மட்டையால் அடிக்கிறவர் குடக்காரர். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது குடத்தின் அடிதான் சாமியை இழுக்கும் என்பார்கள்.

அப்படி ஓர் ஊரில் உச்சிவேளைக் கொடைக்குக் குடம் அடித்தவர் முத்தையா. கோமரத்தாடி சுடலைமுத்து, கொஞ்சம் நஞ்சையை வைத்துத் தானே உழுது பிழைக்கும் மெலிந்த மனிதர். நல்ல வெயில். பாட்டு ஏறியது, குடம் ஏறியது, மாடன் வந்தார். தடியைச் சுழற்றிக்கொண்டு வில்லின் முன்னால் வந்து ஆடினார். ஒரு சுழற்றில் தடி குடத்தின் மேல் இறங்கியது. குடம் நொறுங்கியது. குடத்தின் மேல் இருந்த முத்தையாவின் வலது மணிக்கட்டும் நொறுங்கியது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அந்தக் கையால் சோறு பிசையலாம். குடம் அடிக்க முடியாது.

முத்தையா சுடலைமுத்துவின் பேரில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அஜாக்கிரதை என்பது பிராது. நாங்கள் நெக்லிஜென்ஸ் என்போம்.

பிரதிவாதியின் வக்கீல் ஓர் ஐயர், நல்ல படிப்பாளி. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அவர் தாக்கல் செய்த பதில் மனு இப்படிப் போனது: சம்பவ நேரத்தில் பிரதிவாதியின் உடல் பிரதிவாதியின் வசம் இல்லை. ஆகவே அவருக்குத் தப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை. மேலும் இது புயல், வெள்ளம் போலத் தெய்வச் செயல்.

முன்சீப் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வாய்க்கால் வரப்புத் தகராறு என்றால் கொட்டாவி விடுவார். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புயலுக்குக் கையில் தடி கிடையாது, ஐயர்வாள்" என்று கடைசி வாதத்தைத் தள்ளிவிட்டார். ஆனால் முதல் வாதத்தைத் தள்ள முடியவில்லை. கோர்ட்டு தீர்க்க வேண்டிய கேள்விகளை இஷ்யூ என்போம்; இரண்டாவதாக நான் எழுதிக்கொண்டது இது: "சம்பவ நேரத்தில் பிரதிவாதி தன் வசத்தில் இருந்தாரா, அல்லது அவர் மேல் தெய்வம் வந்திருந்ததா?"

எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாய்தாவில் கோர்ட்டு வாசலில் ஊரே கூடி நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு போயிற்று. மாடன் வரவில்லை என்று தீர்ப்பானால் சுடலைமுத்து இனிமேல் அந்தப் பீடத்தின் முன் நிற்க முடியாது. இத்தனை வருஷம் ஊர் விழுந்து கும்பிட்டது வெறும் நடிப்பு என்று சர்க்கார் முத்திரையோடு ஆகிவிடும். மாடன் வந்தார் என்று தீர்ப்பானால் முத்தையாவுக்கு ஒன்றும் கிடைக்காது. அவருக்குக் கையும் இல்லை, நிலமும் இல்லை.

3. வாதியின் வாக்குமூலம்

முத்தையாவின் வக்கீல் ஒரு பிள்ளை. இரண்டாம் இஷ்யூவை எளிதில் தகர்த்துவிடலாம் என்று நம்பினார். வாதியைக் கூண்டில் ஏற்றி, முதல் கேள்வியையே நேராகக் கேட்டார்.

"அன்றைக்குப் பிரதிவாதி சுயபுத்தியோடுதானே ஆடினார்?"

"இல்லய்யா. சாமி வந்துதான் ஆடினாரு."

பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மையைத் தொட்டுக்கொண்டேன்.

"நன்றாக யோசித்துச் சொல்லும். சாமி வந்த மாதிரி பாவனை..."

"என்ன வக்கீலய்யா இப்படிக் கேக்கீய? அடிச்சு வரவழைச்சவன் நான். நான் அடிச்சும் சாமி வரலைன்னு நானே சொல்லணுமா? பொறவு எந்த ஊர்க்காரன் எங்க செட்டைக் கூப்பிடுவான்?"

"உம்ம கைதான் போயிற்றே ஐயா!"

"கைதான் போச்சு. அடிச்ச பேரும் போவணுமா?"

வாசலில் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. அதில் மரியாதை இருந்தது. இப்படி வாதியே பிரதிவாதியின் கட்சியைப் பலமாக நிறுவியதை என் சர்வீசில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஐயர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் படிப்பாளிகளால் அப்படி உட்கார முடியாது. வாதியின் பேரிலும் பங்குத் தப்பு உண்டு என்று நிரூபிக்க ஆசைப்பட்டார்.

"நீர் கொஞ்சம் மெதுவாக அடித்திருந்தால் சாமிக்கு இத்தனை ஆவேசம் வந்திருக்காது, இல்லையா?"

"பைய அடிக்கதுக்கு என்னை எதுக்கு வண்டி வச்சுக் கூப்பிடணும்? அங்கன ஒரு ஆளு இருக்கான், வடக்குத் தெருவுல. அவன் அடிச்சா சாமி மட்டுமா, கேக்கவனும் சேந்து தூங்கிருவான்."

முன்சீப்பே சிரித்துவிட்டார். வடக்குத் தெருக்காரர் யாரோ வெளியே இருந்திருக்க வேண்டும். "ஏலே, கோர்ட்டுன்னு பாக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. பிச்சாண்டி போய் அதட்டினான்.

4. முன்சீப்பின் சந்தேகம்

ஐயர் உட்கார்ந்ததும் கேஸ் முடிந்தது என்றே நினைத்தேன். முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சட்டத்துக்காக அல்லாமல் தனக்காகக் கேட்பது போல ஒன்று கேட்டார்.

"எத்தனை கொடைக்கு வாசித்திருப்பீர்?"

"எண்ணவா முடியும், எசமான்? தாடி முளைக்கதுக்கு முந்தியே உக்காந்தாச்சு."

"இத்தனை சாமிகள் தடியோடும் ஈட்டியோடும் உமக்கு முன்னால் ஆடியிருக்கின்றன. இதற்கு முன் ஒருதரமாவது அடிபட்டதுண்டா?"

"இல்லை, எசமான்."

"ஏன் இல்லை?"

முத்தையாவுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "பிடிச்சிருப்பாவல்லா?" என்றார்.

"யார்? எதைப் பிடித்திருப்பார்கள்?"

"கோமரத்தாடி இடுப்புல ஒரு துணியை முறுக்கிக் கட்டி, ரெண்டு ஆளு பொறத்தால நின்னு பிடிச்சிருப்பாவ. சாமி எல்லை மீறுனா பையப் பின்னால இழுப்பாவ. எல்லா ஊருலயும் உள்ளதுதான்."

"அன்றைக்குப் பிடித்திருந்தார்களா?"

"நான் கவனிக்கலை, எசமான். நான் குடத்தைப் பாப்பனா, அவரு இடுப்பைப் பாப்பனா?"

முன்சீப் அன்றைக்கு அதோடு கோர்ட்டைக் கலைத்துவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜை முழுவதும் சட்டப் புத்தகங்கள்.

"ஓய், சாமி வந்தது என்று எழுதினால் அப்பீலில் ஜில்லா ஜட்ஜு துரை என்ன சொல்வார்?"

"வரவில்லை என்று எழுதினால் நம் டவாலி என்ன சொல்வான் என்பதையும் யோசிக்க வேண்டும்."

"வேடிக்கை இருக்கட்டும். நம் ரஸ்தாவில் மாட்டு வண்டிக்காரர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டுதானே போகிறார்கள்? ஒருத்தன் தூக்கத்தில் யார் காலிலாவது வண்டியை ஏற்றிவிட்டான் என்று வையும். ஏற்றின நேரத்தில் அவனுக்குப் பிரக்ஞை இல்லை. அதற்காக விட்டுவிடுவோமா?"

"மாட்டோம்."

"ஏன்?"

"தூக்கம் வரும் என்று தெரிந்து கயிற்றைக் கையில் பிடித்தானே, அதற்காக."

"அப்படியானால் தப்பு சக்கரத்தடியில் இல்லை. அவன் வண்டியில் ஏறின இடத்தில் இருக்கிறது. இந்த மனிதர் தன் மேல் சாமி வரும் என்று தெரிந்தவர். தெரிந்து தடியைக் கையில் வாங்கியவர். சாமி வந்ததா இல்லையா என்று நான் ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? வருவதற்கு முன்னால் இவர் என்ன செய்தார் என்று கேட்டால் போதாதா?" நாற்காலியில் சாய்ந்தார். "அதற்கு இஷ்யூ இல்லையே. இந்தக் கட்டத்தில் மாற்றலாமா?"

"ஆர்டர் பதினாலு, ரூல் ஐந்து. தீர்ப்பாகி டிகிரி ஆவதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் இஷ்யூவை மாற்றலாம், சேர்க்கலாம், அடிக்கலாம். இருதரப்புக்கும் சாட்சி விட அவகாசம் கொடுக்க வேண்டும்."

புத்தகத்தைத் திறக்காமல் சொன்னேன். எனக்கும் சில சந்தோஷங்கள் வேண்டும் அல்லவா?

மறுநாள் இரண்டாம் இஷ்யூவைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் புதிது எழுதினேன்: "தெய்வம் வருமுன், பிறருக்குக் காயம் நேராதபடி பிரதிவாதி எடுக்க வேண்டிய வழக்கமான ஜாக்கிரதையை எடுத்தாரா?" ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லி விளக்கினேன். ஒரு பெரியவர், "அப்போ மாடனை விசாரிக்கலையா?" என்று கேட்டார். "இல்லை, அவரை வழக்கிலிருந்து விடுவித்தாயிற்று" என்றேன். நிம்மதியில் அவருடைய தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

5. பிரதிவாதி

அடுத்த வாய்தாவுக்குள் ஊர் கூடிப் பேசியிருக்கிறது. துணி பிடிக்கும் ஆள்கள் இரண்டு பேரும் சாட்சிக்கு வந்திருந்தார்கள். துணியைப் பிடித்திருந்தோம், சாமியின் வேகத்தில் கிழிந்துவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. கிழிந்த துணி ஒன்றும் பொட்டலமாக வந்திருந்தது. கிழிசல் புதிது என்று எனக்குத் தோன்றியது. அது என் வேலை இல்லை. அந்த வாக்குமூலம் மட்டும் பதிவாகியிருந்தால் சுடலைமுத்துவின் பேரில் ஒரு தப்பும் நின்றிருக்காது. செய்யவேண்டிய ஜாக்கிரதையைச் செய்தவர் என்று கேஸ் தள்ளுபடியாகியிருக்கும். முத்தையா வலது கையை மேல்துண்டுக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஐயர் முதலில் பிரதிவாதியைக் கூண்டில் ஏற்றினார். நான் பிரமாணம் செய்து வைத்தேன். ஆண்டவன் அறிய என்ற சொல்லை அவர் மிக நிதானமாகச் சொன்னார்.

"ஒவ்வொரு வருஷமும் உம்ம இடுப்பில் துணி கட்டி இரண்டு பேர் பிடிப்பது வழக்கம்தானே?"

"ஆமாய்யா."

"இந்த வருஷமும் அப்படியே பிடித்திருந்தார்கள். துணி கிழிந்தது. சரிதானே?"

ஐயர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். சுடலைமுத்து கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"துணியே கட்டலைய்யா."

ஐயர் தொண்டையைக் கனைத்தார். "கட்டினது உமக்கு நினைவில்லை. சாமி வந்திருந்ததால்..."

"காலையிலே என்மேல சாமி இல்லய்யா. நான் பழையது குடிச்சிக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரும் துணியைக் கொண்டாந்தாவ. பிடிக்காண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீர்?" என்றார் முன்சீப்.

"கால்வாய்க்கு அந்தாண்ட ஊர்க்காரனுவ போன வருசம் கேலி பண்ணுனானுவ, எசமான். 'உங்க ஊரு மாடன் கயித்துல கட்டுன கெடா மாதிரில்லா ஆடுதாரு'ன்னானுவ. எனக்கு அது உள்ளயே கெடந்துது. இந்த வருசம் அவனுவளும் பாக்க வந்திருந்தானுவ. பிடி இல்லாம ஆடிக் காட்டணும்னு..." கூண்டுக் கட்டையிலிருந்து கையை எடுத்தார். "அது மாடன் சொன்னது இல்லை. என் வீம்பு."

"இப்படிச் சொன்னால் வழக்கு உமக்கு விரோதமாகும் என்று தெரியுமா?"

"தெரியும், எசமான். துணி கிழிஞ்சுதுன்னா சாமிதான் அடிச்சாருன்னு ஆயிரும். நான் செஞ்சதை அவரு மேல போடப்பிடாதுல்லா? கையை ஒடிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது. அப்போ நான் அங்க இல்லை. ஆனா பிடிக்காண்டாம்னு சொன்ன வாய் என் வாய்."

ஐயர் கையிலிருந்த காகிதங்களை மடித்தார். பிறகு, "வேறு சாட்சி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். துணி பிடிக்கும் ஆள்கள் இருவரும் பெரிய சுமையை இறக்கி வைத்தவர்கள் போல மூச்சு விட்டார்கள். பொட்டலத்தை யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு வாதிக்குச் சாதகம். செலவுத் தொகையும் சேர்த்து டிகிரி. முன்சீப் ஆங்கிலத்தில் நீளமாக எழுதினார். அதில் மாடன் வந்தார் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. நான் நகல் எடுக்கும்போது இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். அப்பீல் இல்லை. சுடலைமுத்து நெல் அறுத்து அறுத்துத் தவணையாகக் கட்டி முடித்தார். ஊர் அவரைக் கோமரத்தாடி இடத்திலிருந்து நீக்கவில்லை.

6. இப்போது

நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு வேலைக்காரர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆலையில் வேலை செய்கிறவனுக்கு இயந்திரத்தில் கை போனால் முதலாளியின் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் போயிற்றா, அவ்வளவுதான் கேள்வி. இது நல்ல சட்டம். கூண்டில் ஏறி இறங்கி, வக்கீலுக்கு அழுது, கடைசியில் கோணல் கையோடு வீட்டுக்குப் போன எத்தனையோ பேரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். தப்பைத் தேடிக்கொண்டே இருந்தால் கை போனவனுக்குச் சோறு கிடைக்காது. வரவரச் சட்டம் தப்பைக் கேட்காமலே கணக்குத் தீர்க்கும் என்றுதான் நினைக்கிறேன். என் மருமகன் வக்கீல். அவன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் பிழைப்பு அப்படி.

ஆனாலும் தப்பைக் கேட்பதில் ஒரு பிரயோஜனம் இருந்தது. அதை நான் அந்தத் தீர்ப்பு நாளில் கோர்ட்டு வராந்தாவில்தான் தெரிந்துகொண்டேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து தண்ணீர்ப் பானையில் செம்பால் மொண்டு குடித்துவிட்டு நிமிர்ந்தார். முத்தையா அவர் எதிரில் போய் நின்றார். ஜெயித்தவருக்கு வரவேண்டிய சந்தோஷம் ஒன்றும் அவர் முகத்தில் இல்லை. கோபம்தான் இருந்தது.

"ஏன் வே, இதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? நான் எதுக்கு வக்கீல் வீட்டுக்கு நடக்கணும்? நீரு எதுக்கு வக்கீலுக்காவ வயலை அடமானம் வைக்கணும்?"

"சொல்லியிருப்பேன், அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து. "யாரு கேட்டா? நீரு கேட்டீரா? எல்லாரும் மாடன் வந்தாரா, வந்தாரான்னுதானே கேட்டாவ."

முத்தையா இடது கையை நீட்டிச் செம்பை வாங்கினார். சுடலைமுத்து பானையைச் சாய்த்து அதில் தண்ணீர் ஊற்றினார்.